சான் மார்கோவின் மாடிப்படியில்

புளோரன்ஸ் நகரின் சான் மார்கோ மடத்தில், கீழ்த்தளத்திலிருந்து துறவிகளின் அறைகளுக்கு ஏறிச் செல்லும் மாடிப்படி நடுவழியில் ஒருமுறை திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், படிகள் முடியும் இடத்திற்கு நேர் எதிர்ச்சுவரில் ஃபிரா ஆஞ்சலிக்கோ வரைந்த மங்கள வார்த்தைக் காட்சி, அதாவது இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாளுக்கு அறிவிக்கும் காட்சி, தெரியும். தூண்கள் தாங்கிய திறந்த தாழ்வாரம் ஒன்றில் மரியாள் சாதாரண முக்காலியில் அமர்ந்திருக்கிறாள். கபிரியேல் தூதர் முழங்கால் மடக்கி, கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்திருக்கிறார். இடப்பக்கம் பலகை வேலி அடைத்த ஒரு தோட்டம். ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமுள்ள இந்தச் சுவரோவியத்தை அச்சுப்படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் பார்த்த படங்களில் கீழ்விளிம்பை வெட்டிவிட்டிருந்தார்கள் என்பது நேரில் நின்றபோதுதான் தெரிந்தது. அந்த விளிம்பில் இலத்தீன் எழுத்துகள் இருக்கின்றன.

அங்கே இரண்டு வாசகங்கள் உள்ளன. ஒன்று, “இரக்கத்தின் தாயே வாழ்க” என்று தொடங்கும் வரி. இது மத்தியகாலத் துதிப்பாடல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது, அதாவது பாடப்பட்ட வரி. மற்றொன்று, வழிப்போக்கருக்கு இடப்பட்ட கட்டளை: கன்னியின் உருவத்தின் முன் வரும்போது, கடந்து போகிற போக்கில் ‘வாழ்க’ என்று சொல்லாமல் போய்விடாதபடி பார்த்துக்கொள் என்கிறது. நானும் என்னைச் சுற்றி நின்ற முப்பது பேரும் ஒரு சொல்லும் பேசாமல் நின்றுகொண்டிருந்தோம். அருங்காட்சியகத்தில் வாய் திறக்கக் கூடாது என்றுதானே நாம் எல்லோரும் பழக்கப்பட்டிருக்கிறோம்! ‘பேசாமல் போகாதே’ என்று சொல்லும் ஓவியத்தின் முன் கண்ணும் கருத்துமாக மௌனம் காத்தோம்.

நான் ஒரு நூலகத்தில் பழைய நூல்களை மின்வருடல் செய்யும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். அரியவற்றை இன்றைய மக்களிடம் கொண்டுசேர்ப்பது பற்றி எங்கள் துறையில் ஓயாமல் பேசுவோம். எத்தனை பக்கம், எத்தனை பிக்சல், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே பெரும்பாலும் அந்தப் பேச்சாக இருக்கும். சான் மார்கோவில் கழித்த ஒரு முற்பகல் அந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைத்துவிட்டது. ஓவியம், நூல், பாட்டு என்று நாம் மூன்று துறைகளாகப் பிரித்து, மூன்று கட்டடங்களில் வைத்து, மூன்று வகையான நுழைவுச்சீட்டு விற்பவை, அந்த மடத்தில் ஒரே நாளின் வெவ்வேறு பொழுதுகளாக இருந்தன. அவற்றைப் பிரித்தது காலம் செய்த வேலை. பிரிந்த நிலையிலேயே பகிர்ந்துவிட்டு முழுவதையும் கொடுத்துவிட்டதாக நினைப்பது நாம் செய்யும் தவறு.

இந்த மடத்தின் இன்றைய உருவத்தின் கதை 1436இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மார்ச் 25ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, திருத்தந்தை நான்காம் யூஜின் புளோரன்ஸ் பேராலயத்தைப் புனிதப்படுத்தினார். அந்தச் சடங்குக்கென்றே, திருத்தந்தையின் பாடற்குழுவில் இருந்த கியோம் துஃபாய், நான்கு குரல்களுக்கு ‘நூப்பர் ரோசாரும் ஃபுளோரெஸ்’ என்ற பாடலை இயற்றினார். அதன் நான்கு பகுதிகளும் 6:4:2:3 என்ற விகிதத்தில் நீள்வதால், அது அந்தப் பேராலயத்துக்குப் புருனெலெஸ்கி கட்டிய குவிமாடத்தின் அளவா, சாலமோன் ஆலயத்தின் அளவா என்று இசையறிஞர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தைவிடப் பாடலின் அடியில் ஓடும் பழைய ஓதல் மெட்டுதான் முக்கியமாகப் படுகிறது: ‘இந்த இடம் அச்சத்திற்குரியது’ என்ற அந்த மெட்டை இரண்டு கீழ்க்குரல்கள் ஒன்றை ஒன்று தொடர்ந்து பாடுகின்றன. இடத்தைப் பற்றிய பாட்டு அது. இன்று அதை எந்த அறையிலும், எந்த ரயிலிலும் கேட்கலாம். நானும் புளோரன்ஸுக்கு வரும் ரயிலில் காதில் செருகிக்கொண்டுதான் கேட்டேன்.

அதே 1436இல், அதே திருத்தந்தை, சான் மார்கோ மடத்தை ஃபியசோலேயிலிருந்து வந்த டொமினிக்கன் துறவிகளுக்குக் கொடுத்தார். இடிந்து கிடந்த கட்டடத்தை, நகரின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த வங்கிக் குடும்பத்தின் தலைவர் கோசிமோ தெ மெடிச்சி, தம் செலவில் கட்டடக் கலைஞர் மைக்கெலோட்ஸோவைக் கொண்டு புதுப்பித்தார். சபையின் துறவிகளில் ஒருவரே ஓவியர். உலகம் பிற்காலத்தில் ஃபிரா ஆஞ்சலிக்கோ என்று அழைத்த அவரும் அவருடைய உதவியாளர்களும் நாற்பதுக்கும் மேற்பட்ட அறைகளின் சுவர்களில் வரைந்தார்கள். ஓர் அறைக்கு ஓர் ஓவியம், ஒரு சிறு சாளரம், ஒரு துறவி, அவ்வளவுதான். மூன்றாம் அறையில் மறுபடியும் மங்கள வார்த்தை வருகிறது. தோட்டம் இல்லை, அலங்காரம் இல்லை, வெறும் வெள்ளை வளைவு. ஏழாம் அறையில் இயேசுவை அவமதிக்கும் காட்சி. அடிக்கும் கை, தொப்பியைத் தூக்கி எள்ளும் கை, துப்பும் தலை எல்லாம் உடலில்லாமல் காற்றில் மிதக்கின்றன. இதைப் பார்த்துவிட்டு ‘இருபதாம் நூற்றாண்டு ஓவியம் போல இருக்கிறது’ என்று வியப்பவர்கள் பலர். அறைக்குரிய துறவிக்கு அந்தக் கதை மனப்பாடம்; நினைவூட்ட ஒரு கை போதும், ஆள் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

இந்தச் சுவர்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணமான ஒரு வேலையைச் சொல்லாமல் போக மனமில்லை. சுண்ணாம்புச் சுவரின் கால்சியம் கார்பனேட், காற்றிலும் ஈரத்திலும் வரும் கந்தகத்தால் மெல்ல ஜிப்சமாக மாறும். மாறும்போது உப்பித் தன்மேல் இருக்கும் நிறத்தைத் தள்ளிவிடும். 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆற்று வெள்ளம் புளோரன்ஸை மூழ்கடித்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில், பழுதான ஓவியங்களைச் சீரமைக்கும் டினோ டினியும் வேதியியலாளர் என்ஸோ ஃபெரோனியும் இதற்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். முதலில் அம்மோனியம் கார்பனேட் கரைசலில் நனைத்த கட்டைச் சுவரில் வைத்து ஜிப்சத்தை மறுபடி கார்பனேட்டாக மாற்றுவது. பிறகு பேரியம் ஹைட்ராக்சைடை வைத்து, எஞ்சும் சல்பேட்டைக் கரையாத உப்பாகக் கட்டிப்போடுவதோடு, உதிரும் பரப்பையும் இறுக்குவது. சான் மார்கோ ஓவியங்களில் டினி இந்த முறையைக் கையாண்டார். கலை மக்களைச் சென்றடைவதைப் பற்றிய மேடைப்பேச்சுகளில் இந்த ஈரப்பஞ்சுக் கட்டுகளுக்கு இடம் கிடைப்பதில்லை.

மாடியிலேயே, வட தாழ்வாரத்தை ஒட்டி, நூலகம் இருக்கிறது. பக்கத்துக்குப் பதினொரு மெல்லிய தூண்கள் வீதம் இரண்டு வரிசை, மூன்று நடைகள், இரு பக்கமும் சாளரங்கள். 1444இல் முடிக்கப்பட்ட இந்தக் கூடத்தின் உயிர் நிக்கோலோ நிக்கோலி என்ற புத்தகப் பித்தர். சுமார் 800 சுவடிகளைச் சேர்த்து, அதற்காகவே கடனாளியாகி, 1437இல் இறந்தார். இறந்தபோது அவருடைய நூல்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டவை இரவலில் வெளியே இருந்தன என்று, அவரை அறிந்த புத்தக வணிகர் வெஸ்பாசியானோ எழுதியிருக்கிறார். நூல்கள் கற்க விரும்பும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது நிக்கோலியின் உயில். கோசிமோ கடனை அடைத்தார். ஏறத்தாழ பாதி நூல்கள் இங்கே வந்தன. எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்ற பட்டியலைக் கோசிமோவுக்கு எழுதிக்கொடுத்தவர் தொம்மாசோ பாரெந்துச்செல்லி. அவரே பின்னாளில் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் ஆகி, வத்திக்கான் நூலகத்திற்கு அடித்தளம் இட்டார்.

பொதுமக்களுக்கான நூலகம் என்றாலும், சாய்வு மேசைகளில் நூல்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தன. இதைக் கேட்டுச் சிரிப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சங்கிலி, நூலைத் திறந்தவெளியில் வைக்கத் துணிந்தவர்கள் கண்டுபிடித்த உபாயம், பூட்டிய பெட்டிக்குச் சங்கிலி தேவையில்லை. அந்த மேசைக்கு ‘புளூத்தெயுஸ்’ என்று பெயர். அதே நகரின் லாரென்சியன் நூலகத்தில் உள்ள பழைய சுவடிகளுக்கு இன்றும் மேசை எண்ணே அடையாள எண். ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நூலை நிக்கோலி தம் கையாலேயே படியெடுத்த பிரதியின் எண் ‘புளூத். 35.30’, அதாவது முப்பத்தைந்தாம் மேசையின் முப்பதாம் நூல். அந்நூலகத்தின் மேசைச் சுவடிகள் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. மேசை போய்ச் சங்கிலி போய்த் திரையில் அந்தச் சாய்ந்த கையெழுத்தை நான் பார்க்கும்போதும், முகவரி மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. தொழில் காரணமாக இப்படிப்பட்ட விஷயங்களில் எனக்கு அளவுகடந்த மகிழ்ச்சி உண்டு, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நெப்போலியன் காலத்திலும், பின்னர் 1866இலும் மடங்கள் கலைக்கப்பட்டபோது நிக்கோலியின் நூல்கள் கைமாறி, லாரென்சியனிலும் தேசிய நூலகத்திலுமாகப் பிரிந்தன. 1869இல் மடம் அருங்காட்சியகம் ஆயிற்று. நூல் போன நூலகக் கூடத்தில் இன்று கண்ணாடிப் பேழைகளுக்குள் இருப்பவை பாடற்குழு ஏடுகள். நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

ஒரு பாடற்குழு ஏட்டைத் திரையில் பார்த்துப் பழகியவர் நேரில் பார்த்தால் திடுக்கிடுவார். எனக்கும் அதுவே நேர்ந்தது. ஒரு சிறுவன் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க முடியாத அளவு பெரியது. பதப்படுத்திய தோலில், சிவப்பு மையால் இழுத்த நான்கு கோடுகள்; அவற்றின்மேல் கருப்புச் சதுரக் குறிகள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம். ஆளுக்கொரு புத்தகம் இல்லாத காலம் அது. நடுவில் தாங்கியின்மேல் ஏற்றி வைத்த ஒரே ஏட்டைப் பார்த்து எல்லோரும் பாடினார்கள். நடுச்சாமத்து ஓதலுக்கு எழுந்து வந்த துறவிக்கு, மெழுகுவர்த்தி ஒளியில், சில அடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதால்தான் அந்த அளவு. முதலெழுத்துகளில் ஒட்டிய பொன்தகடு அந்த அசையும் சுடருக்காகச் செய்யப்பட்டது. சான் மார்கோவின் ஏடுகளுக்குச் சிற்றோவியங்கள் தீட்டிய சனோபி ஸ்ட்ரோஸ்ஸி அதை அறிந்தே செய்தார். பேழைக்குள் இன்று எரிவது அசையாத மங்கல் விளக்கு. தோலையும் நிறத்தையும் காக்க ஒளியின் அளவு 50 லக்ஸைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி, அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பொன் அங்கே மின்னவில்லை; மஞ்சளாகக் கிடந்தது.

வலப்பக்கத்துக் கீழ்மூலை கருத்திருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பக்கம் புரட்டிய விரல்களின் அழுக்கு அது. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளூர ஒரு கூச்சம் வந்தது. நான் இந்த வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு பழைய வழிபாட்டு நூலை வருடியபோது, பக்கங்கள் ‘சுத்தமாக’ இருக்க வேண்டும் என்று சொல்லி ஓரங்களை எல்லாம் வெட்டிவிட்டோம். மெழுகுத் துளிகளும், விரல் கருமையும், அளவுக்கோலாகப் பக்கத்தில் வைத்த பட்டையும் எல்லாம் வெட்டில் போயின. பார்ப்பவர்கள் பாராட்டினார்கள். அந்த நூல் உள்ளங்கையளவா, ஒரு முழமா, எந்தப் பக்கத்தை அதிகம் ஓதினார்கள் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட்டோம் என்பது எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை. கைப்பேசித் திரையில் பாடற்குழு ஏடும் பாக்கெட் செபப்புத்தகமும் ஒரே அளவு.

அளவு என்பது வெறும் அளவு அல்ல என்பதற்குப் பாடகர்களே சாட்சி. நெதர்லாந்தின் காப்பெல்லா பிராட்டென்சிஸ் என்ற குழுவினர், தனித்தனித் தாள்களை விட்டுவிட்டு, பெரிய தாங்கியில் வைத்த ஒரே ஏட்டைச் சுற்றி நின்று, அக்கால இசைக்குறிகளை அப்படியே படித்துப் பாடுகிறார்கள். அந்தக் குறிகளில் தாளக்கோடுகள் இல்லை. நான்கு குரல்களும் பக்கத்தின் நான்கு இடங்களில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். மற்றவர் என்ன பாடுகிறார் என்பதைக் கண்ணால் அறிய முடியாது, காதால்தான் அறிய வேண்டும். தோள் உரசி நிற்பதால் பக்கத்தில் இருப்பவரின் மூச்சும் தெரியும். அப்படிப் பாடும்போது ஒலியே வேறு விதமாகச் சேருகிறது என்று என் காதுக்குப் படுகிறது. ஒரு சுவடியைப் பகிர்வதற்கு இதைவிட நல்ல வழியை நான் இன்னும் காணவில்லை.

சான் மார்கோவைப் பற்றி எழுதும் எவரும் ஜிரோலாமோ சவோனரோலாவைத் தாண்டிப் போக முடியாது. 1491இல் இம்மடத்தின் தலைவரான அவர், பல குரலாகப் பின்னிய ஆலய இசையையும் ஆர்கனையும் கண்டித்தார்; எளிய ஓதலும் பக்திப் பாடல்களும் போதும் என்றார். 1497 பிப்ரவரி 7ஆம் நாள் அவருடைய ஆட்கள் நகரச் சதுக்கத்தில் மூட்டிய தீயில் ஓவியங்கள், நூல்கள், இசைக்கருவிகள் எரிந்தன. இந்தக் கட்டுரையின் மூன்று பொருள்களும் ஒரே அடுக்கில். ஆனால் மெடிச்சி குடும்பம் துரத்தப்பட்டபின் அவர்களுடைய நூல்தொகுதி சிதறிவிடாமல் மடத்துப் பணத்தில் வாங்கி வைத்தவரும் அவரே. அவரை ஒற்றை நிறத்தில் வரைவது எனக்கு ஒப்பாது.

1498 மே மாதம், தூக்கிலிட்டு எரிக்கப்படுவதற்கு முன், சிறையில் அவர் விவிலியத்தின் 51ஆம் திருப்பாடலை வைத்து ஒரு தியானம் எழுதினார். ‘யாருமற்ற பாவி நான்’ என்ற பொருளில் தொடங்கும் அது அச்சாகி ஐரோப்பா எங்கும் பரவியது. பின்னிய இசையை வெறுத்தவரின் கடைசிச் சொற்களை, பின்னிய இசையின் பெரும் கைகள் எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் கத்தோலிக்கராக மறைந்து வாழ வேண்டியிருந்தவர்களுக்கு நடுவே வில்லியம் பேர்ட் அந்தத் தியானத்திற்கு இசையமைத்து 1591இல் வெளியிட்டார். அதற்கும் முன்னர், சவோனரோலா பிறந்த ஃபெராராவின் அரசவையில் 1503-04இல் பணியாற்றிய ஜோஸ்கான் தெ பிரே அதே திருப்பாடலுக்கு அமைத்த இசையில் இந்தத் தியானத்தின் சாயலை அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அதில் ‘என்மேல் இரக்கமாயிரும்’ என்ற சிறு வரியை ஒரு குரல் திரும்பத் திரும்பப் பாடுகிறது; ஒவ்வொரு முறையும் ஒரு சுரம் கீழே இறங்கி, எட்டுச் சுரமும் இறங்கியபின் இரண்டாம் பகுதியில் ஒவ்வொன்றாக ஏறுகிறது. படி இறங்கி ஏறுவது போலவே இருக்கும். அதைக் கச்சேரியில் கேட்டு முடித்ததும் அரங்கம் கைதட்டியபோது, தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

மடத்தின் பழைய மணியும் அருங்காட்சியகத்திற்குள் இருக்கிறது. ‘பியாஞ்ஞோனா’ என்று பெயர். புலம்புபவள் என்று சொல்லலாம். 1498 ஏப்ரலில் சவோனரோலாவைப் பிடிக்க வந்த கும்பல் மடத்தைத் தாக்கிய இரவு உதவி கேட்டு ஒலித்த குற்றத்திற்காக, நகர ஆட்சி அந்த மணியைக் கோபுரத்திலிருந்து இறக்கி, வண்டியில் ஏற்றி, தெருத்தெருவாகச் சவுக்கால் அடித்து, ஊருக்கு வெளியே நாடு கடத்தியது. 1509இல்தான் திரும்பி வந்தது. ஒலிக்கு இவ்வளவு அஞ்சிய காலம் ஒன்று இருந்தது.

2025 செப்டம்பர் முதல் 2026 ஜனவரி வரை பலாஸ்ஸோ ஸ்ட்ரோஸ்ஸியிலும் சான் மார்கோவிலும் ஃபிரா ஆஞ்சலிக்கோவுக்குப் பெருங்கண்காட்சி நடந்தது. சான் மார்கோ பீட ஓவியத்தின் சிறு பலகைகள் மூனிக், டப்ளின், பாரிஸ், வாஷிங்டன் என்று சிதறியிருந்தவை மீண்டும் அருகருகே வந்தன. பலகையோடு பலகை சேர்ந்ததற்கு இத்தனை நாடுகள் கையொப்பமிட வேண்டியிருந்தது. அந்தப் பீடத்தின் முன் பாடிய பாட்டும், அதை எழுதிய ஏடும், பலகையும் ஒரே அறையில் ஒரே பொழுதில் சேர்வதற்கு இதில் பாதி முயற்சி போதும் என்று நினைக்கிறேன். மூன்று துறைக்காரர்கள் ஒரே மேசையில் உட்காருவதுதான் கடினம்.

மூடும் நேரம் நெருங்கியதும் மறுபடி மாடிப்படிக்கு வந்தேன். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் அல்லள். கன்னியர் நடத்திய பள்ளியில் பத்தாண்டு படித்ததில் மரியாளை நோக்கிச் சொல்லும் ‘அருள் நிறைந்த மரியே’, ‘கிருபை தயாபத்து’ என்ற செபங்கள் இரண்டும் வாயில் தங்கிவிட்டன. இரவின் கடைசி ஓதலுக்குப் பின் இந்த மடத்தார் ஊர்வலமாகப் பாடியதும் அந்தக் கிருபை தயாபத்தைத்தான். இலத்தீனில் ‘சால்வே ரெஜினா’. சுவர் கேட்டதைச் சுவருக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஊர் திரும்பிய மறுவாரம், அந்தப் பழைய வழிபாட்டு நூலின் வெட்டாத மூலக் கோப்புகள் எங்காவது இருக்கின்றனவா என்று காப்பு வட்டுகளில் தேடினேன். முதல் நாற்பது பக்கங்கள், ஓரக் கருமையும் அளவுப் பட்டையும் சேர்ந்து, கிடைத்தன. மீதியை மறுபடி வருட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.